கொடுக்கும் முன் "யாருக்கு?" என்று கேளுங்கள்

மருந்துக் கடை நடத்தும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். வயிறு சரியில்லை என்று வந்து நிற்பவர்களுக்கு நீங்கள் எடுத்துத் தரும் புரோபயாட்டிக் பற்றித்தான் இந்த மடல். குடலுக்கு நல்லது செய்யும் என்று உயிருள்ள நுண்ணுயிர்களை அடைத்துத் தருவதுதான் அது.

சென்ற ஆண்டு அம்மாவுக்குக் கீமோ நடந்துகொண்டிருந்தபோது வயிற்றுப்போக்கு வந்தது. கடைக்கு ஓடினேன். "லூஸ் மோஷன்" என்றதும் நான்கு சாஷே கைக்கு வந்துவிட்டது. யாருக்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை, பதற்றத்தில் நானும் சொல்லவில்லை. இரவு டாக்டருக்குப் போன் செய்தபோது, "அதை அம்மா பக்கத்தில் வைத்துப் பிரிக்கவே பிரிக்காதீர்கள்" என்றார்.

அதில் இருந்தது சாக்கரோமைசிஸ் புலார்டி என்ற ஈஸ்ட், அதாவது ஒரு வகைப் பூஞ்சை. நல்ல உடம்பில் அது குடலோடு நின்றுவிடும். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு ரத்தத்தில் புகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பிரிக்கும்போது பறக்கும் தூளும் விரலில் ஒட்டியதும் போதும், கழுத்து ரத்தக்குழாயில் போட்டிருக்கும் டியூப் வழியாக உள்ளே போய்விடலாம். அம்மாவுக்கு அந்த டியூப் இருந்தது.

ஈஸ்ட் மட்டுமல்ல, பாக்டீரியா வகைகளிலும் கவனம் வேண்டும். 2008-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், கடுமையான கணைய அழற்சியோடு புரோபயாட்டிக் பெற்றவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள். பெறாதவர்களில் 6 சதவீதம். குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுப்பது பற்றி 2023-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது.

புரோபயாட்டிக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆன்டிபயாட்டிக்கால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்கச் சில வகைகள் உதவுகின்றன. பாக்டீரியா வகையானால் ஆன்டிபயாட்டிக்குக்கும் அதற்கும் 2 மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஆன்டிபயாட்டிக் அந்த பாக்டீரியாவைக் கொன்றுவிடும். அப்புறம், குழந்தைக்குப் பேதி என்று வருகிற தாயிடம் முதலில் ஓ.ஆர்.எஸ். பொடியும் ஜிங்க்கும் போக வேண்டும். புரோபயாட்டிக் மட்டும் வாங்கிப் போய், தண்ணீர்ச்சத்து இழந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடும் நிலை எந்தத் தாய்க்கும் வரக் கூடாது.

ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லும் வகைகளைத் தயவுசெய்து ஃபிரிட்ஜிலேயே வையுங்கள். உணவுப் பொருளாக விற்கும் புரோபயாட்டிக்கில் ஒரு நாள் அளவுக்குக் குறைந்தது 10 கோடி நுண்ணுயிர் உயிரோடு இருக்க வேண்டும் என்பது நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. நம் ஊர் மே மாத வெயிலில் கிடந்தால் அதில் எத்தனை மிஞ்சும்?

ஆனால் நான் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். யாருக்கு, அவருக்கு வேறென்ன சிகிச்சை நடக்கிறது என்று கேளுங்கள். கீமோ, உறுப்பு மாற்றம், குறைமாதக் குழந்தை, ஐ.சி.யூ.விலிருந்து வந்தவர் என்று பதில் வந்தால், டாக்டரைக் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். வெறுங்கையோடு அனுப்பினீர்கள் என்று கோபித்துக்கொள்ள மாட்டோம். மறுபடியும் உங்கள் கடைக்குத்தான் வருவோம்.

அன்புடன்,
ஒரு மகள்