தட்டின் எந்தப் பாதி?

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் அழுதது இரவெல்லாம் மனதிலேயே நின்றது. ஸ்ட்ரோக் (பக்கவாதம்) வந்த சம்பந்தி அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது, பாதிச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிடுகிறார், பயிற்சிக்குக் கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்றாய். "நீங்க எப்படிப்பா இதையெல்லாம் பழகினீங்க?" என்று கேட்டாய். எனக்கு ஸ்ட்ரோக் வந்து ஆறு வருடம் ஆகியும் சில சொற்கள் சட்டென்று வாயில் வருவதில்லை. அதனால்தான், இப்போது பழகிவிட்ட இடது கையால், நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பார். அவர் தட்டில் மிச்சம் வைப்பது எந்தப் பாதி? அவருக்கு இழுத்துக்கொண்டது இடது பக்கம், அதாவது பாதிப்பு மூளையின் வலது பாதியில். அங்கே பாதிப்பு வந்தவர்களில் பலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மனதில் பதியாமல் போகும். கண்ணில் கோளாறு இருக்காது, ஆனாலும் அங்கே இருப்பது தெரியாது. பிசியோ கூடத்தில் என் பக்கத்தில் உட்காருபவர் இப்படித்தான் தினமும் தட்டின் வலது பாதியை மட்டும் காலி செய்துவிட்டுப் பசியோடு எழுந்து போவார். அவர் மனைவி ஒருநாள் தட்டைத் திருப்பி வைத்தார். மனிதர் மீதியையும் சாப்பிட்டுவிட்டார். சம்பந்தி அம்மாவும் இடது பாதியையே மிச்சம் வைத்தால் டாக்டரிடம் சொல்லிவிடு, அதற்கென்று பயிற்சி இருக்கிறது.

இன்னொன்று, சாப்பிடும்போது இருமுகிறாரா? விழுங்கிய பிறகு குரல் ஈரமாக, கரகரவென்று கேட்கிறதா? கேட்டால் வேறு எதையும் யோசிக்காதே. விழுங்குவதைப் பரிசோதிக்கப் பேச்சுப் பயிற்சியாளரிடம் கூட்டிப்போ. உணவு மூச்சுக்குழாயில் போய் நுரையீரலில் சளிக்காய்ச்சல் (நிமோனியா) வந்துவிடலாம். நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னச் சின்ன வாயாக, டிவி இல்லாமல் சாப்பிடட்டும். சாப்பிட்டு அரைமணி நேரம் படுக்க வேண்டாம்.

சரி, அடுத்தது உப்பு. நான் வீடு வந்த முதல் நாளே உன் அம்மா உப்பு, எண்ணெய், இனிப்பு எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினாள். பயத்தில் செய்தாள், தப்பில்லை. ஆனால் ஏற்கெனவே கை போச்சு, பேச்சு போச்சு, இப்போது நாக்கில் ருசியும் போச்சா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மூன்றாம் நாள் யாரும் பார்க்காதபோது உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டேன். அப்புறம் டயட்டீஷியன் சொன்னார், ஒருநாளில் நிறுத்தாதீர்கள், வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறையுங்கள், நாக்கு தானே பழகும் என்று. பழகியது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு, பாக்கெட் தின்பண்டங்களில் இருப்பதும் அதில் சேர்த்தி. அவருக்கு மட்டும் தனியாகச் சமைக்காதே. வீட்டில் எல்லாரும் ஒரே சாப்பாடு சாப்பிடுங்கள். என்னை மாற்றியது அதுதான். தனித்தட்டு என்பது தினமும் மூன்று வேளை "நீ நோயாளி" என்று சொல்வது.

பொட்டாசியம் கலந்த உப்பை வாங்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டாரே, டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ சில பிபி மாத்திரைகள் எடுத்தாலோ அது ஆபத்து. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் கொடுத்திருந்தால் கீரையை ஒருவாரம் நிறைய, அடுத்த வாரம் இல்லை என்று மாற்றாதே, ஒரே அளவாக வை. காய்கறி, பழம், பருப்பு, முழுதானியம் கூடட்டும். வழுக்காத விரிப்பின் மேல் விளிம்பு உயர்ந்த தட்டை வைத்தால் ஒரு கையால் அவரே சாப்பிடலாம். நீ ஊட்டிவிட்டால் சீக்கிரம் முடியும்தான். ஆனாலும் பொறுத்துக்கொள்.

பயிற்சிதான் உனக்குப் பெரிய மலையாகத் தெரிகிறது. 2021இல் அமெரிக்க இதய, பக்கவாதச் சங்கங்கள் சொன்னது என்ன தெரியுமா? முடிந்தவர்களுக்கு வாரத்தில் நான்கு முறை, குறைந்தது 10 நிமிடம், மிதமான வேகம். உட்கார்ந்தே இருப்பவர்கள் அரைமணிக்கு ஒருமுறை 3 நிமிடம் எழுந்து நின்றால்கூட நல்லது. நான் அந்த 3 நிமிடத்தில்தான் ஆரம்பித்தேன். காலை மாத்திரை போட்டதும் கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருவேன். மாத்திரையை மறக்க மாட்டேன், அதனால் இதையும் மறக்கவில்லை. அவருடைய பிசியோவிடம் கேட்டுவிட்டு இப்படி ஒன்றை, ஒன்றே ஒன்றை, அவர் ஏற்கெனவே தினமும் செய்யும் ஏதாவது ஒரு காரியத்தோடு முடிச்சுப் போட்டுவிடு. பலவீனமான பக்கத்தில் நீ நில். இடது கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதே, தோள்மூட்டு நழுவிவிடும். தலை சுற்றினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே நிறுத்திவிடு. நடக்கும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரி.

லண்டனில் ஓர் ஆய்வில் சாதாரண ஆட்களுக்கே ஒரு பழக்கம் தன்னால் வர நடுவாக 66 நாள் ஆனதாம். சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை. நடுவில் ஒருநாள் விட்டதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நீ பத்தாம் நாளில் அழுகிறாய், அம்மாடி.

முகத்தைத் திருப்புவதைச் சோம்பல் என்று நினைக்காதே. ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. எனக்கும் வந்தது, மாத்திரை சாப்பிட்டேன், உன்னிடம் அப்போது சொல்லவில்லை. டாக்டரிடம் அதையும் சொல். அசதியும் வேறு மாதிரி. தூங்கி எழுந்தாலும் போகாது. எனக்குக் காலையில்தான் தெம்பு இருக்கும், அவருக்கு எந்த நேரம் என்று கவனித்து அந்த நேரத்தில் கூப்பிடு. கூப்பிடும் முன்னால், முதலில் எதைத் தானாகச் செய்ய ஆசை என்று அவரிடமே கேள். என்னிடம் பிசியோ கேட்டபோது, மகள் வந்தால் நானே போய்க் கதவைத் திறக்க வேண்டும் என்றேன். படுக்கையிலிருந்து வாசல் பதினான்கு அடி. நீ அந்த வருடம் வந்தபோது கதவைத் திறந்தது யார் என்று ஞாபகம் இருக்கிறதா?

மாப்பிள்ளையிடம் நான் பேசுகிறேன். இரவு முறை அவருடையதாக இருக்கட்டும், நீ தூங்கு.

நாளைக்குப் போன் செய்யும்போது, தட்டில் எந்தப் பாதி என்று சொல்.

அப்பா