வடக்கே போகும் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது

கோத்தகிரி
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ரூபிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதமும் மலைப்பூண்டும் பத்திரமாக வந்து சேர்ந்தன. இங்கே மழை விட்டபாடில்லை. பச்சைத் தேயிலை விலை மறுபடி இறங்கிவிட்டது, எந்த வீட்டுக்குப் போனாலும் அதே பேச்சுதான். அண்ணனுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று வாசித்ததும் மனது நிம்மதியானது.

உன் கேள்விக்கு வருகிறேன். கொடைக்கானலில் இருந்து நர்ஸ் வேலைக்கும் ஊழியத்துக்கும் வடமாநிலங்களுக்குப் போகிற பிள்ளைகளுக்கு, விசுவாசத்தினிமித்தம் உபத்திரவம் வந்தால் அசையாமல் நிற்க என்ன சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருந்தாய். வாலிபர் கூட்டத்தில் தேவசகாயம் பிள்ளை, ஓரியூர் அருளானந்தர் வரலாறுகளைச் சொல்லப்போவதாகவும் எழுதியிருந்தாய். கட்டாயம் சொல். 1752இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுடப்படும்வரை ஏறக்குறைய மூன்று வருஷம் சிறையும் சித்திரவதையும் பட்ட தேவசகாயம் பிள்ளையை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். ஆனால் அதோடு நிறுத்திவிடாதே. இரத்தசாட்சிகளின் கடைசி நாளை மட்டும் கேட்டு வளர்கிற பிள்ளை, உறுதி என்பது அவரவர் நெஞ்சுரம் என்று நினைத்துக்கொள்ளும். தனக்கு அது இல்லை என்று தெரிகிற நாளில் ஒடிந்துபோகும். சாதாரண விசுவாசிகளைத் தாங்கி நிறுத்தியது, பெரும்பாலும், சபை முன்கூட்டியே செய்துவைத்த சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான். வகுப்பில் அதற்கு நேரம் ஒதுக்கு.

முதலில், உபத்திரவத்தைத் தேடிப்போகக் கூடாது என்பதைச் சொல். ஆதிச்சபைக் காலத்தில் சிமிர்னா சபை, இரத்தசாட்சியாக மரித்த தன் ஆயர் பொலிகார்ப்பைப் பற்றி எழுதிய கடிதத்தில் குவிண்டஸ் என்று ஒருவன் வருகிறான். தானாக முன்வந்து நின்றவன், மற்றவர்களையும் அப்படி வரும்படி தூண்டியவன். தன்மேல் ஏவவிருந்த மிருகங்களைக் கண்டதும் பயந்து ரோம தேவர்களுக்குப் பலியிட்டுவிட்டான். தாங்களாகவே போய் நிற்கிறவர்களை நாங்கள் மெச்சுவதில்லை, சுவிசேஷம் அப்படிப் போதிக்கவில்லை என்று அந்தச் சபை வெளிப்படையாகவே எழுதியது. பொலிகார்ப்போ ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்கு இடம் மாறிக்கொண்டிருந்தார். பிடிக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டு, ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டார். மத்தேயு 10:23ஐ இந்த இடத்தில் வாசிக்கச் சொல். ஓடுவதும் கீழ்ப்படிதல்தான்.

அடுத்தது, விட்டுக்கொடுக்கக் கூடாதது எது என்பது. இது சாதாரணக் காகித வடிவில்தான் பெரும்பாலும் வரும். கி.பி. 250இல் ரோமப் பேரரசன் டேசியஸ் எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று கட்டளையிட்டான். எகிப்தில் அந்தச் சான்றிதழ்கள் பாப்பிரஸ் தாளில் அப்படியே கிடைத்திருக்கின்றன. ஒன்றில், அவுரேலியுஸ் தியோகெனேஸ், வயது 72, வலது புருவத்தில் தழும்பு என்று அடையாளம் எழுதியிருக்கிறது. நான் எப்போதும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்தேன், இப்போதும் உங்கள் முன்னால் பலியிட்டு, பானபலி ஊற்றி, படைத்ததை ருசி பார்த்தேன், இதற்குச் சான்றளியுங்கள் என்று கேட்கிறார். அந்தப் பெரியவர் கிறிஸ்தவராக இருந்திருக்க வேண்டியதில்லை, சான்றிதழ் எல்லோருக்கும்தான் தேவைப்பட்டது. ஆனால் நம் ரேஷன் அட்டை விண்ணப்பம் போன்ற அந்தத் தாளைப் பிள்ளைகள் கையில் கொடுத்து வாசிக்கவை. பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்ட கிறிஸ்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். கை தூபம் போடவில்லை, ஆனால் பெயர் எழுதிய தாள் போட்டதாகச் சொல்கிறது. அது மறுதலிப்பா இல்லையா என்று அவர்களையே பேசவிடு. நீ உடனே பதில் சொல்லிவிடாதே.

உபத்திரவத்தில் மறுதலித்து விழுந்தவர்களை என்ன செய்வது என்பதைத்தான் நம் சபைகளில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய குறை. 251இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள், சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும், பலியிட்டவர்கள் நீண்ட மனந்திரும்புதலில் இருக்க வேண்டும், மரணத்தறுவாயில் ஏற்றுக்கொள்ளலாம் என்றும் தீர்மானித்தார்கள். அடுத்த உபத்திரவம் வருகிறது என்ற அறிகுறி தெரிந்ததும், மனந்திரும்பி நின்ற எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் சொன்ன காரணத்தைப் பார்: கிறிஸ்துவின் இரத்தமாகிய பாத்திரத்தை அவர்களுக்கு மறுத்துவிட்டு, அவருக்காக இரத்தம் சிந்துங்கள் என்று எந்த வாயால் கேட்பது? இவரும் டேசியஸ் காலத்தில் மறைந்திருந்தவர்தான், அதற்காகப் பேச்சும் வாங்கினார். 258 செப்டம்பர் 14இல் வாளுக்குத் தலை கொடுத்தார்.

மறைவிடத்திலிருந்து அவர் எழுதிய ஒரு யோசனை இன்றைக்கும் உதவும். சிறையிலிருப்பவர்களைப் பார்க்கக் கூட்டமாகப் போகாதீர்கள், இருக்கிற அனுமதியும் போய்விடும். மூப்பர்களும் டீக்கன்மாரும் முறைவைத்து ஆள் மாற்றிப் போங்கள் என்றார். நம் ஆட்கள் செய்வது நேர் எதிர். முதல் வாரம் 40 பேர் ஸ்டேஷன் வாசலில், மூன்றாம் மாதம் அந்தக் குடும்பத்துக்கு அரிசி வாங்க ஆளில்லை. யார் போவது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் யார் பொறுப்பு என்று முன்பே எழுதிவைக்க வேண்டும்.

ஜப்பானையும் விடாதே. 1614இல் கிறிஸ்தவம் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டது. போதகர் ஒருவரும் மிஞ்சவில்லை. நாகசாகி பக்கம் உராகாமி கிராமத்தார் மூன்று பொறுப்புகளை வைத்துக்கொண்டார்கள்: பண்டிகை நாட்களைக் கணக்கு வைத்து ஜெபம் நடத்த ஒருவர், ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர், வீடு வீடாகச் செய்தி சொல்ல ஒருவர். 1865 மார்ச் 17இல் அந்தக் கிராமத்தார் நாகசாகியின் ஓவுரா ஆலயத்தில் பிரெஞ்சுப் பாதிரியாரிடம் வந்து, எங்கள் இருதயமும் உங்கள் இருதயமும் ஒன்று என்று சொன்னது அந்த ஏற்பாட்டின் பலன். இடைப்பட்ட காலத்தில் கிறிஸ்தவர் அல்ல என்று காட்டத் திருவுருவத்தை மிதிக்கும்படி அதிகாரிகள் சொன்னபோது பலர் மிதித்தார்கள். வீட்டுக்கு வந்து மனஸ்தாப ஜெபம் சொன்னார்கள். மிதித்ததைச் சரி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் திரும்பி வர வழி இல்லாதிருந்தால் 1865இல் அங்கே ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள்.

இனி நடைமுறை. போன், வேதாகமம் எதுவும் கையில் இல்லாத நேரம் வரலாம். கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம், 23, 27, 46, 121ஆம் சங்கீதங்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து உரக்கச் சொல்லட்டும். தனியாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தது பதற்றத்தில் வராது. நான் யார், ஏன் ஜெபிக்கிறேன், யாரையும் வற்புறுத்தவில்லை என்று இந்தியில் மூன்று வாக்கியம் தயாராக இருக்கட்டும், 1 பேதுரு 3:15 சொல்கிற சாந்தத்தோடு. பிற மதத்தாரின் தெய்வத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது. எபேசுவில் பவுலின் தோழர்களைக் காப்பாற்றியதே, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷித்தவர்கள் அல்ல என்று நகரத்துச் செயலாளன் சொல்ல முடிந்ததுதான் (அப்போஸ்தலர் 19:37).

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். பவுல் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லிக்காட்டத் தயங்கவில்லையே. அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரம் தருகிறது. ஆனால் பரப்பும் உரிமை என்பது மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. வற்புறுத்தியோ ஆசைகாட்டியோ மதம் மாற்றுவதைத் தடுக்கும் சட்டம் ஒடிசாவில் 1967 முதலே உண்டு. உத்தரப்பிரதேசத்தின் 2021 சட்டத்தில் பரிசுப் பொருளும் இலவசப் படிப்பும்கூட ஆசைகாட்டுதலில் அடங்கும். அங்கே மதம் மாற விரும்புகிறவர் 60 நாள் முன்னதாக மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு (கலெக்டருக்கு) அறிவிக்க வேண்டும். ஆகவே ஜெபக்கூட்டத்தில் போர்வை, சேலை, பணம் எதையும் கொடுக்கவே வேண்டாம். உதவி செய்வதானால் வேறு நாளில், வேறு இடத்தில், ரசீதோடு.

கூட்டத்துக்குள் ஆட்கள் புகுந்தால் கை ஓங்கக் கூடாது. ஒருவர் 112க்குப் போன் போட வேண்டும், இன்னொருவர் குழந்தைகளையும் வயதானவர்களையும் பின்வழியாக வெளியேற்ற வேண்டும். யார் எது என்பது அன்றைக்கு முடிவு செய்கிற விஷயம் இல்லை. பிறகு நடந்ததை மட்டும் நேரம், இடம், சாட்சிகளோடு எழுதிப் புகார் கொடுக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பதிய மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பி, அதற்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு அது. நம்மவர்கள் பெரும்பாலும் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். மறுநாள் எதிர்த்தரப்புப் புகார் மட்டும் காகிதத்தில் இருக்கும்.

இவ்வளவையும் ஒரே வாரத்தில் கொட்டிவிடாதே. சிப்ரியான் பகுதிக்கு மட்டும் ஒரு முழு வகுப்பு வேண்டும். எந்தெந்தப் பிள்ளைகள் எந்த மாநிலத்துக்குப் போகிறார்கள் என்று எழுது. அந்தந்த மாநிலச் சட்டத்தை இங்கே தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டுத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி அனுப்புகிறேன். அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

கர்த்தருக்குள்,
உன் சிநேகிதி
மெர்சி