நம்ம ராமன் இப்ப தசரதன்

17.8.2025

டேய் மாப்ள,

உன் மெசேஜ் வந்து ஒன்பது நாள் ஆச்சு, பதில் போடலன்னு திட்டிட்டு இருப்ப, திட்டு. பையனை ஹாஸ்டல்ல கொண்டு விட்டுட்டு வந்தோம், அந்த அலைச்சல்ல ஒரு வாரம் எங்க போச்சுன்னே தெரியல, அத கடைசில சொல்றேன். அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சப்ப நிம்மதியா இருந்துச்சு, சொட்டு மருந்து மட்டும் நேரம் தவறாம போட்டு விடு, அவங்களா போட்டுக்குறேன்னு சொன்னா நம்பாத, பாதி கன்னத்துலதான் ஊத்துவாங்க.

சரி, அந்தப் புது ராமாயணம் படத்தப் பத்தி நீ கேட்ட கேள்விக்கு வர்றேன். "கதை தெரிஞ்ச படத்துக்கு எதுக்குடா ட்ரெய்லர், ராமன் ஜெயிப்பானா மாட்டானான்னு உனக்கு டென்ஷனா"ன்னு கேட்டிருந்த. படிச்சுட்டு நல்லா சிரிச்சேன், ஆனா அதுக்கப்புறம் நாலு நாளா அதேதான் மண்டைக்குள்ள ஓடுது. உண்மைதானே, ராமாயணத்துல என்ன சஸ்பென்ஸ் இருக்கு? அந்தக் கதைல சேதி கொண்டு வர்ற அனுமாருக்கே சஸ்பென்ஸ் வைக்கத் தெரியாது, கம்பர்ல பாரு, முதல் வார்த்தையே "கண்டனென்". இந்தக் காலத்துல ஒருத்தர் அதை எடிட் பண்ணியிருந்தா அனுமார் வந்து இறங்கினதும் முகத்துக்கு ஒரு குளோசப் வச்சு, கறுப்பு ஸ்கிரீன் போட்டு, டமார்னு ஒரு சத்தத்தோட "தீபாவளிக்கு"ன்னு முடிச்சிருப்பாங்க.

அந்தப் படத்துக்கு ஜூலை 3-ம் தேதி வந்த வீடியோவ நீ ஒரு தடவைதான் பாத்தேன்னு எழுதியிருந்த, நான் எத்தனை தடவைன்னு சொன்னா மானம் போயிடும். நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர் வரைக்கும் போட்டுக் காட்டினாங்கன்னு பையன்தான் போன்ல காட்டினான். மூணு நிமிஷம் இருக்கும், ஆனா அதுல பெரும்பகுதி பேரும் அனிமேஷனும்தான், நிதேஷ் திவாரி டைரக்ஷன், ரன்பீர் கபூர் ராமன், யஷ் ராவணன், நம்ம சாய் பல்லவி சீதை, சன்னி தியோல் அனுமார், மியூசிக்குக்கு ஹான்ஸ் ஜிம்மரும் ஏ.ஆர்.ரஹ்மானும் சேர்ந்துன்னு பேரா வந்துகிட்டே இருக்கு, நிஜ முகம்னு பாத்தா கடைசில ஏதோ சில செகண்ட், ஒரு பாய்ச்சல், ஒரு வில்லு, ஒரு கண்ணு, அவ்ளோதான், முடிஞ்சது. இன்னும் ட்ரெய்லர்னு ஒண்ணு வரவே இல்ல, அதுக்கே நான் இந்த ஆட்டம் ஆடுறேன்னு வீட்ல சிரிக்கிறாங்க.

ஆனா எனக்கு அந்த சில செகண்டே போதும்னு ஆயிடுச்சுடா. மிதிலைத் தெருவுல ராமன் வரும்போது தோளைப் பாத்தவங்க தோளையே பாத்துட்டு நின்னுட்டாங்க, காலைப் பாத்தவங்க காலையே பாத்துட்டு நின்னுட்டாங்க, முழுசா ஒருத்தரும் பாக்கலன்னு நம்ம தமிழ் வாத்தியார் கிளாஸ்ல ஒரு பீரியட் முழுக்க கரைஞ்சு போய் சொன்னாரே, ஞாபகம் இருக்கா, நீ அப்ப என் நோட்டுல யானை வரைஞ்சிட்டு இருந்த. ட்ரெய்லர்ங்கிறதே அந்தப் பாட்டுதான்னு எனக்கு இப்ப தோணுது. துண்டு துண்டாத்தான் காட்டுவான், மிச்சத்த நாமளே மனசுக்குள்ள ஓட்டிக்கணும்.

நான் எதுக்கு காத்துட்டு இருக்கேன்னு யோசிச்சு பாத்தேன். கதைக்கு இல்ல, முகத்துக்கு. மத்த படத்துல ஹீரோ நல்லா நடிச்சா கை தட்டுவோம், இந்த மாதிரி படத்துல அந்த முகத்தப் பாத்ததும் கை தானா சேருதான்னுதான் மனசு பாக்குது, சேரலன்னா எத்தனை ஆயிரம் வானரம் வந்து குதிச்சாலும் ஒண்ணும் ஆகாது. எங்க அப்பாவுக்கு கடைசி வரைக்கும் ராமன்னா என்.டி.ராமராவ்தான், 1958-ல வந்த சம்பூர்ண ராமாயணத்துல அவர்தான் ராமன், சிவாஜி பரதன். அப்பா அந்தப் படத்தப் பத்தி பேச ஆரம்பிச்சா ராமன விட்டுட்டு பரதனுக்குப் போயிடுவார், அது வேற விஷயம். நமக்கு யாரு? நமக்கு டிவி ராமாயண சீரியல்ல ராமனா நடிச்ச அருண் கோவில்தானே.

1987-ல எங்க வீட்ல டிவி கிடையாது, உங்க வீட்ல அந்த கறுப்பு வெள்ளை, மரப்பொட்டிக்கு ஷட்டர் வச்சது. ஞாயித்துக்கிழமை காலைல உங்க ஹால்ல எத்தனை பேரு, செருப்பு வாசல்ல மலை மாதிரி கிடக்கும், நீ மொட்டை மாடில ஆன்டெனாவ திருப்பிகிட்டு "தெரியுதா, தெரியுதா"ன்னு கத்துவ, நாங்க கீழ இருந்து "கொஞ்சம் லெஃப்ட்டு"ன்னு கத்துவோம், பாதி நாள் நீ இறங்கி வர்றதுக்குள்ள பாட்டு முடிஞ்சிருக்கும். அதுல ஒருத்தருக்கும் ஹிந்தி தெரியாது! உங்க பாட்டிதான் எல்லாருக்கும் சேத்து சொல்லுவாங்க, அதுவும் படத்துக்கு முன்னாடி ஓடுவாங்க, "இப்ப பாரு மாரீசன் வருவான், பொன்மானா வருவான், இந்தப் பொண்ணு கேக்க மாட்டா"ன்னு. நமக்கு கிடைச்ச முதல் ட்ரெய்லரே உங்க பாட்டிதான்டா. கதைய முன்னாடியே சொல்லிட்டாங்கன்னு ஒரு நாளும் யாரும் கோவப்பட்டதில்ல, அவங்க சொன்னது அப்படியே நடக்குதான்னு பாக்கத்தான் உக்காந்திருந்தோம். ஆனா வாலி வதம் வந்த வாரம் மட்டும் பாட்டி எழுந்து சமையல்கட்டுக்குள்ள போயிட்டாங்க. "ஏன் பாட்டி"ன்னு கேட்டதுக்கு "மறைஞ்சு நின்னு அடிச்சான், அத நான் பாக்கமாட்டேன், முடிஞ்சதும் கூப்புடு"ன்னாங்க. அவ்வளவு பக்தி உள்ள மனுஷி, டிவிக்கே பூ வைக்கிறவங்க, அந்த ஒரு விஷயத்துல அவங்களுக்கு ராமன் மேல கடைசி வரைக்கும் வருத்தம்தான். இந்தப் புது படத்துல அத எப்படி எடுப்பாங்கன்னு நான் பாக்கணும், ட்ரெய்லர்ல வைக்க மாட்டாங்க, அது மட்டும் நிச்சயம்.

அருண் கோவில் மேட்டர் உனக்கு தெரியுமா? முதல்ல மேக்கப் போட்டு பாத்தப்ப ராமனா சரியா வரலையாம், லேசா ஒரு புன்னகை வச்சப்புறம்தான் பொருந்துச்சுன்னு அவரே பேட்டில சொல்லியிருக்கார். அந்தச் சிரிப்புதான் மாப்ள, அதுக்குத்தான் உங்க ஹால்ல அத்தனை கை சேந்துச்சு. இப்ப அவரு மீரட் எம்.பி. வேற. இதெல்லாம் இருக்கட்டும், இந்தப் புது படத்துல அவரு தசரதனா வர்றார்னு பத்திரிகைலலாம் வந்துருக்கு, அதப் படிச்ச அன்னிக்கு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நம்ம ராமன் இப்ப ராமனோட அப்பா. அந்த முகம் சிம்மாசனத்துல உக்காந்துகிட்டு பையன காட்டுக்கு அனுப்பப் போகுது.

ரெண்டு பார்ட்டா வருது, முதல் பார்ட் 2026 தீபாவளிக்கு, ரெண்டாவது 2027 தீபாவளிக்கு. முதல் பார்ட்ட எங்க முடிப்பாங்கன்னு நான் ஒரு கணக்கு போட்டு வச்சிருக்கேன், பந்தயம் கட்டுறியா? சீதையத் தூக்கிட்டுப் போற இடத்துலதான் கட் பண்ணுவாங்க. ஏன்னா வால்மீகில ராவணன் சீதைக்கு குடுக்குற கெடு 12 மாசம். நம்மளும் ஒரு தீபாவளில இருந்து அடுத்த தீபாவளி வரைக்கும் அதே 12 மாசம் காத்துகிட்டு இருப்போம். அவங்க இதெல்லாம் யோசிச்சுதான் தேதி வச்சாங்களான்னு கேக்காத, நான் யோசிச்சேன், எனக்கு அது போதும்.

அப்புறம் இந்த தீபாவளி ரிலீஸே வடக்க உள்ளவங்களுக்குத்தான் சரியா உக்காரும். அங்க தீபாவளின்னா ராமன் அயோத்திக்குத் திரும்பி வந்த நாள், விளக்கு வச்சு வரவேற்கிறாங்க, நமக்கு நரகாசுரன் கதை, விடிகாலைல எண்ணெய் தேச்சு குளிச்சமா வெடி வச்சமான்னு இருக்கோம், ராமன் நம்ம தீபாவளில வர்றதே இல்ல. இன்னொன்னு, நம்ம ஊர்ல ராவணன வில்லன்னு மட்டும் சொல்லி முடிச்சிட முடியாதுல்ல, "இன்று போய் நாளை வாராய்"னு ஒரு பாட்டு போட்டு ராவணனுக்காக அழ வச்சவங்க நாம. கம்பராமாயணத்துலயும் அவனுக்கு எவ்வளவு கம்பீரம். அதனால யஷ் எப்படி பண்ணியிருக்கார்னு பாக்குறதுல எனக்கு ராமனுக்கு சமமா ஆர்வம் இருக்கு, இத எங்க மாமனார் முன்னாடி சொல்லிடாத.

பயம் இல்லாம இல்ல. 2022 அக்டோபர்ல, இதே ராமாயணத்த எடுத்த ஆதிபுருஷ் படத்தோட டீசர் வந்தப்ப என்ன ஆச்சு, கிராபிக்ஸப் பாத்து ஊரே கிண்டல் பண்ணிச்சு, ஜனவரில வர வேண்டிய படம் 2023 ஜூன் 16-க்குத் தள்ளிப் போச்சு, ஒவ்வொரு தியேட்டர்லயும் அனுமாருக்கு ஒரு சீட்டு காலியா வைக்கணும்னு அறிவிச்சாங்க, படம் வந்தப்புறம் வசனத்தையே மாத்த வேண்டியதாச்சு. அந்த காலி சீட்டு ஐடியா மட்டும் எனக்குப் பிடிச்சிருந்தது, பொய் சொல்லல. இந்தத் தடவ டூன் படத்துக்கு ஆஸ்கர் வாங்கின டி.என்.இ.ஜி. கம்பெனியே கிராபிக்ஸ் பண்றாங்க, அதனால அந்தப் பக்கம் எனக்குக் கவலை இல்ல. கவலையெல்லாம் வேற இடத்துல. மரவுரி கட்டின ஆளு ஜிம்முல இருந்து நேரா வந்த மாதிரி இருந்துடக் கூடாது, சீதை அழும்போது வயலின் முப்பது சேர்ந்து நம்மள அழச் சொல்லி மிரட்டக் கூடாது. போன மாசம் வந்த மகாவதார் நரசிம்மா பாத்தியா? வெறும் அனிமேஷன், ஸ்டார் ஒருத்தர் கிடையாது, தூண் பிளக்குற இடத்துல என் பக்கத்து சீட்டுல ஒரு சின்னப் பையன் சீட்டு மேலயே ஏறி நின்னுட்டான், நான் அவனத்தான் ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன்.

நடிக்கிறவங்க நிலைமையும் பாவம்தான். சாய் பல்லவி சீதைக்காக சைவமா மாறிட்டாங்கன்னு ஒரு வதந்தி கிளம்பி, அவங்களே கோவமா மறுத்து எழுத வேண்டி வந்துச்சு. சாமி வேஷம் போட்டா தட்டுல என்ன இருக்குங்கிறது வரைக்கும் ஜனங்க எட்டிப் பாக்குறாங்க. உங்க பாட்டி இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன், "அவ என்னத்த தின்னா உனக்கென்ன, அழும்போது நமக்கு அழுகை வருதான்னு பாரு"ன்னுதான் சொல்லியிருப்பாங்க.

பையன் கதைக்கு வர்றேன். ஹாஸ்டல்ல ரூம் குடுத்தாங்க, மூணு பேருக்கு ஒரு ரூம், பெட்டிய வச்சோம், பக்கெட்டு கப்பு எல்லாம் வாங்கிக் குடுத்தோம், அவன் ரெண்டே நிமிஷத்துல பக்கத்து கட்டில் பையனோட கிரிக்கெட் பேச ஆரம்பிச்சுட்டான், எங்கள "கிளம்புங்கப்பா, லேட் ஆகுது"ங்கிறான். கேட்டு வரைக்கும் வந்தான், அதோட சரி. பஸ்ல அவன் அம்மா அழுதா, நான் ஜன்னல் பக்கம் திரும்பிகிட்டு அருண் கோவிலப் பத்தி நினைச்சுட்டு வந்தேன், நம்பினா நம்பு. சின்ன வயசுல அந்த அயோத்தியா காண்டம் வந்தப்ப நமக்கு தசரதன்னாலே போரடிக்கும், எப்பப்பாரு கட்டில்ல படுத்து ராமா ராமான்னு புலம்பிகிட்டு இருக்காரு, சீக்கிரம் காட்டுக்குப் போய் சண்டையக் காட்டுங்கடான்னு நீயே கத்தினது ஞாபகம் இருக்கா? இப்ப எனக்கு அந்த சீனுக்குத்தான் ட்ரெய்லர் வேணும். என் பையன் போனது 14 வருஷமும் இல்ல, காடும் இல்ல, தீபாவளிக்கு வந்துடுவான், வாரத்துக்கு ரெண்டு நாள் போன் பண்றேன்னு வேற சொல்லியிருக்கான், இதுவரைக்கும் ஒரு தடவைதான் பண்ணான், அதுவும் வைஃபை பாஸ்வேர்ட் ஏதோ கேக்க.

உன் பொண்ணு ப்ளஸ் டூல, இன்னும் பத்து மாசம் இருக்கு உனக்கு, அப்புறம் பேசு.

படம் வந்தா முதல் ஷோ வேணாம், கத்துவாங்க, ரெண்டாவது நாள் காலைல நீ வா, ரெண்டு பேரும் போவோம், பசங்கள கூட்டிட்டுப் போக வேணாம், அவங்க ஃப்ரெண்ட்ஸோட பாத்துக்கட்டும். அதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணு. அம்மாவுக்கு கண்ணுல மறைப்பெல்லாம் போயி டாக்டர் டிவி பாக்கலாம்னு சொன்னதும் அந்த மூணு நிமிஷத்த பெரிய ஸ்கிரீன்ல போட்டுக் காட்டு, ஒண்ணும் சொல்லாத, யாரு நடிச்சிருக்காங்கன்னு கூட சொல்லாத. கடைசி சில செகண்ட் வரும்போது கை என்ன பண்ணுதுன்னு மட்டும் பாத்து எனக்கு எழுது.

உன் பழைய கடைசி பெஞ்ச்