தூக்கிப் பார்த்து வாங்கு

காரைக்குடி
ஆனி 9

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ புதன்கிழமை ராத்திரி அனுப்பியதைக் காலையில்தான் பார்த்தேன். "கேபினெட் 4 ஓமா 8 ஓமாப்பா?" ஒரே வரி. பொங்கலுக்கு அப்புறம் நீயாக எனக்கு எழுதிய முதல் வரியும் அதுதான். செவ்வாய்த் திருவிழாவுக்கு வந்துவிடுவாய் என்று அம்மா மணகோலம் செய்து டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். சரி, வேலை இருந்திருக்கும்.

உன் பேஸ் கித்தாருக்கு வாங்கப்போகிற ஸ்பீக்கர் பெட்டியைத்தானே கேட்கிறாய், பதில் 8 ஓம். ஓம் என்பது கரண்டுக்குப் பெட்டி காட்டுகிற தடை, அது குறையக் குறைய ஹெட்டுக்கு, அதாவது ஆம்ப்ளிபயருக்கு, பாரம் கூடும். 12 இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்று போட்ட பெட்டியாக வாங்கு. கையில் காசு சேர்ந்ததும் அதே கம்பெனியில் அதே மாடலில் இன்னொன்று வாங்கிக்கொள். 4 ஓம் பெட்டி வாங்கினால் அதோடு சரி. இப்போது வருகிற சின்ன ஹெட்டுகளில் பெரும்பாலானவை 4 ஓமுக்குக் கீழே தாங்காது, பக்கத்தில் இன்னொரு பெட்டியை மாட்ட முடியாமல் போய்விடும். 8 ஓம் பெட்டி இரண்டை இணையாக மாட்டினால் கரண்டுக்கு இரண்டு வழி கிடைத்துத் தடை பாதியாகும், கணக்காக 4 ஓம். எட்டும் எட்டும் சேர்ந்தால் எப்படிப்பா நாலு ஆகும் என்று பத்து வயதில் கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாயே, அதே கணக்குதான்.

எதை வாங்கினாலும் எடை குறைந்ததாக வாங்கு. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஹெட் 500 வாட் போதும். அது 4 ஓமுக்கு எழுதியிருப்பது. ஒரே ஒரு 8 ஓம் பெட்டியை மாட்டினால் 250, 300 வாட்தான் வரும். அதைப் பார்த்துவிட்டு 800 வாட் ஹெட்டைத் தேடிப் போகாதே. வாட் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் ஏறும், காதுக்கு ஏதோ கொஞ்சம் கூடின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அதே ஹெட்டில் இரண்டாவது பெட்டியை மாட்டிப் பார். பவரும் கூடும், காற்றைத் தள்ளுகிற ஸ்பீக்கர் பேப்பரும் இரண்டாகும். இரண்டும் சேர்ந்து 5, 6 டெசிபல் வரை ஏறிவிடும். நாற்பது வருஷம் ரேடியோ செட் கட்டியவன் சொல்கிறேன், காசை வாட்டில் போடாதே, ஸ்பீக்கரில் போடு.

உன் ரூம் சுவரில் படம் ஒட்டி வைத்திருக்கிறாயே, ஆம்பெக் எஸ்விடி, 1969-ல் வந்தது. வால்வு செட், 300 வாட். அந்த ஹெட் மட்டுமே 35 கிலோவுக்கு மேல். அதன் கீழே நிற்கிற 10 இஞ்ச் எட்டு போட்ட பெட்டி 60 கிலோவைத் தாண்டும். தூக்குவதற்கென்றே ஆள் வைத்திருந்தவர்களின் சாமான் அது. நீ இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இப்போது இரும்பு டிரான்ஸ்பார்மருக்குப் பதில் எஸ்எம்பிஎஸ் என்கிற எடை குறைந்த பவர் சப்ளை, உள்ளே அதிகம் சூடாகாத கிளாஸ் டி சர்க்யூட். 500 வாட் ஹெட்டே 2 கிலோவுக்குள் வந்துவிட்டது. கித்தார் உறையின் முன்பையில் போட்டுக்கொண்டு பல்லவன் ரயிலில் ஏறிவிடலாம். ஒன்று மட்டும் ஞாபகம் வை, அது கெட்டால் வழியில் யாரும் சரிசெய்து தர மாட்டார்கள். நம் பழைய ஆம்ப்ளிபயர் என்றால் 3055 டிரான்சிஸ்டர் இரண்டை மாற்றி அரை மணியில் நானே பாட வைத்துவிடுவேன். இது பொடிப்பொடிச் சாமானாக ஒட்டிய போர்டு. அதனால் கித்தார் சிக்னலை மிக்சருக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தருகிற டிஐ பாக்ஸ் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும், ஹெட் போனாலும் நேராக மிக்சருக்குப் போய்விடலாம். அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்து தந்தால் பின்பக்கம் 230 வோல்ட் போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் பிளக்கைச் சொருகாதே.

பெட்டியைப் பார்க்கும்போது காந்தம் என்ன என்று கேள். 1980-களில் வந்த நியோடிமியம் காந்தம் போட்டதாக இருக்கட்டும். பழைய ஃபெரைட் காந்தத்தில் இருக்கிற பலம் இதில் உள்ளங்கை அளவிலேயே இருக்கும். பிளைவுட்டும் எடை குறைந்த ரகமாக, உள்ளே குறுக்குச் சட்டம் அடித்ததாகப் பார். தட்டினால் டொக் என்று கேட்க வேண்டும், மேளம் மாதிரி அதிரக் கூடாது. எல்லாம் சேர்த்து 12, 13 கிலோவில் கிடைக்கிறது. விலை கூடத்தான். அதற்காக ஃபெரைட் போட்டதை மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்துவிடாதே. தூக்கிப் பார்த்து வாங்கு. கடைக்காரன் எடுத்து மேஜைமேல் வைத்துக் காட்டுவான், அது போதாது. நீயே தரையிலிருந்து தூக்கிப் பார்.

இத்தனை சின்னப் பெட்டியில் அடிச்சத்தம் வருமா என்று நினைப்பாய். சின்னப் பெட்டி, ஆழமான சத்தம், கொஞ்சம் பவரிலேயே பெரிய ஒலி, இந்த மூன்றும் ஒரே பெட்டியில் கிடைக்காது. ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். உன் தடித்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். கேட்கிறவர்கள் காதில் அதிகம் விழுவது அதற்கு மேலே, அதன் இரண்டு மடங்கான 82 ஹெர்ட்ஸில் இருக்கிற சத்தம்தான். அதனால் மிகத் தாழ்ந்த சத்தத்தை மட்டும் வடிகட்டுகிற ஹை பாஸ் ஃபில்டர் இருக்கிற ஹெட்டாகப் பார், அடியில் வீணாகப் பேப்பர் முன்னும் பின்னும் ஆடுவதை அது நிறுத்தும். ஐந்து கம்பி வாங்கப் போவதாகச் சொன்னாயே, அந்தத் தடித்த கம்பி 31 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். அப்போது இது இன்னும் அவசியம்.

இங்கத்திச் சேதி: அப்பத்தாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பள்ளத்தூர்க்காரர்கள் வந்துவிட்டுப் போனார்கள், நாம் நினைத்ததுதான். மீதியை அம்மா சொல்வாள்.

சின்ன ஹோட்டலில் மூன்று பேராக வாசிக்க ஒரு பெட்டி. மண்டபம், சர்ச் என்றால் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக வை. மேல் ஸ்பீக்கர் உன் காதுக்குப் பக்கத்தில் வந்துவிடும், நீ வாசிப்பது உனக்கே கேட்கும், வால்யூமைத் திருக வேண்டிவராது. மைதானத்தில் மெல்லிசைக் கச்சேரி என்றால் ஜனத்துக்குச் சத்தம் கொடுப்பது மிக்சர்க்காரரின் வேலை. ஹெட்டின் பின்னாலிருக்கும் டிஐயிலிருந்து அவருக்கு லைன் கொடு, சுவிட்சை 'ப்ரீ' பக்கம் தள்ளிவிடு, மேடையில் நீ டோனை எப்படித் திருகினாலும் அவருக்குப் போவது மாறாது. அவர் என்னை மாதிரி ஒருத்தர்தான். மேடைப் பெட்டியை முழுசாகத் திறந்துவிட்டு அவரைத் திண்டாட வைக்காதே. ஹெட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் கித்தார் வயரைப் போடாதே, சூடாகும். ஸ்பீகான் பின் வைத்த ஸ்பீக்கர் வயர்தான் போட வேண்டும்.

போன வருஷம் கானாடுகாத்தானில் அந்தப் பழைய வீட்டு ஹோட்டலுக்கு நீங்கள் வந்து வாசித்தீர்களே, சொல்லாமல் வந்து தூண் ஓரம் நின்று கேட்டேன். முட்டை வெள்ளைக்கரு போட்டுத் தேய்த்த சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, எங்கேயும் ஒரு துணி கிடையாது. பேஸ் சுவரில் அடித்துத் திரும்பி வந்து குமுறும் என்று பயந்துகொண்டே நின்றேன். நீ பெட்டியை மூலையிலிருந்து இழுத்து நடு முற்றத்து வளவுப் பக்கம் திருப்பி வைத்து, அடிச்சத்தத்தைக் குறைத்து, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கும்படி வாசித்தாய். ராஜா பாட்டில் பேஸ் தனியாக ஒரு பாட்டுப் பாடும் என்று உனக்குச் சின்ன வயதில் காட்டிக்கொடுத்தது நான்தான் என்று பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரரிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. வேலையை விட்டுவிட்டுப் பாட்டுக்குப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் பேசியதெல்லாம் அன்றைக்கு எனக்குள்ளேயே கரைந்துவிட்டது. உன்னிடம் வந்து சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன்.

ஏன் சொல்லாமல் போனேன் என்றால், கச்சேரி முடிந்து நீ பெட்டியைத் தூக்கினாய். முகப்புப் படியில் இரண்டு படி இறங்கி நின்றாய். தூணில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு இன்னொரு கையால் இடுப்பைப் பிடித்தாய். அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி இறங்கிப் போனாய்.

கழனிவாசல் அத்தை மகன் போன மாதம் உன் ரூமுக்கு வந்தானாம். நீ நன்றாக இருப்பதாகச் சொன்னான். சட்டைக்குள் இடுப்பில் பெல்ட் கட்டியிருப்பதை அம்மாவிடம் சொல்லாமல் என்னிடம் மட்டும் சொன்னான். நீ வராமல் இருப்பது எதனால் என்று எனக்கு அப்போதுதான் பட்டது. வந்தால் படுக்கும்போதும் எழும்போதும் அம்மா கண்டுபிடித்துவிடுவாள் இல்லையா?

தம்பி, உனக்குப் பதினைந்து வயது. கானாடுகாத்தான் கல்யாணம். லோடு ஆள் இரண்டு பேரும் வரவில்லை. 18 இஞ்ச் இரண்டு போட்ட பேஸ் பாக்ஸ், நான் முன்பக்கம், நீ பின்பக்கம். படியில் ஏறும்போது எடையில் பெரும்பகுதி கீழே இருப்பவன் மேல்தான் இறங்கும், அது எனக்குத் தெரியும். அவசரத்தில் மேலே நான் நின்றுகொண்டேன். நாலாவது படியில் நீ "அப்பா" என்றாய், சத்தமாகக்கூட இல்லை. நான் திரும்பிப் பார்க்காமல் "பிடிடா" என்றேன். நீ விடவில்லை. விட்டிருந்தால் பெட்டிதான் உடைந்திருக்கும்.

மூன்று நாள் படுத்திருந்தாய். தைலம் தேய்த்தேன். எக்ஸ்ரே எடுத்துப் பார் என்று அம்மா அழுதாள். உன்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். தேவகோட்டை ரஸ்தாவில் அடுத்த வாரக் கச்சேரிக்கு அட்வான்ஸ் தருவதாகச் சொன்ன ஆளைப் பார்த்துப் பேசிக்கொண்டே நின்றதில் நேரம் போய்விட்டது. உனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கூட்டி வந்தேன். டாக்டர் பார்த்துவிட்டார், வெறும் சுளுக்குத்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். நீ என் பக்கத்தில் நின்றுகொண்டு, உதட்டோரம் ரோஸ் கறை காயாமல், ஆமாம் என்று தலையை ஆட்டினாய். அடுத்த வாரமே மறுபடி பெட்டியைத் தூக்கவும் வந்தாய். இத்தனை வருஷத்தில் நீ அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. எனக்கு வலிப்பது அதுதான்.

நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. அவள் பேசாமலிருப்பது சரிதான்.

அந்த 18 இஞ்ச் பாக்ஸ் இரண்டையும் விற்றுவிட்டேன். பணத்தை உன் கணக்கில் போட்டிருக்கிறேன், 42,000. பெட்டிக்கு அது ஆகட்டும். வேண்டாம் என்று திருப்பி அனுப்பாதே.

ஞாயிற்றுக்கிழமை பல்லவனில் வருகிறேன், மத்தியானம் எழும்பூரில் இறங்குவேன். நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். திங்கட்கிழமை காலையில் முதலில் எக்ஸ்ரே, அப்புறம்தான் கடை. டாக்டர் ரூமுக்குள் நானும் வருவேன், எப்போது எப்படி அடிபட்டது என்று நானே சொல்கிறேன். கடையிலிருந்து ஹெட்டை நீ எடுத்துக்கொள். பெட்டியை மூன்று மாடிக்கும் நான் கொண்டுவந்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: நான் வருவதற்குள் யாராவது சாமான் ஏற்றக் கை கொடு என்று கூப்பிட்டால் முடியாது என்று சொல்லிவிடு.