கப்பல் கொன்ற திமிங்கிலம் எந்தக் கணக்கில் சேரும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திமிங்கில வேட்டையைக் கண்டித்துத் தங்கள் இதழில் சென்ற மாதம் வந்த தலையங்கத்தில் ஜப்பானியரைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில், "மூளையுள்ள விலங்கைக் கொன்று தின்பவர்களுக்கு மூளை இருக்கிறதா என்ற ஐயம் எழுகிறது" என்று எழுதியிருந்தீர்கள். எழுதியவருக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்திருக்க வேண்டும்; உள்ளே ஒரு முறை வந்தது போதாதென்று அட்டையிலும் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது.

திமிங்கில வேட்டைக்கு வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. அந்தத் தொழில் எத்தகையது என்பதை நான் சொல்லித் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறக்குறைய 29 லட்சம் பெருந்திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன என்பதையும், அந்த நூற்றாண்டின் முற்பகுதியில் அவற்றுள் பெரும்பாலானவை யாருடைய பசிக்கும் இறைச்சியாகாமல் ஐரோப்பியரின் மார்கரின் என்ற செயற்கை வெண்ணெயாகவும் சோப்பாகவும் போயின என்பதையும் தாங்கள் அறிவீர்கள். அறிந்தும், "நாகரிக உலகம் கைவிட்ட பழக்கம்" என்று எழுத எப்படி மனம் வந்தது? தலையங்கம் புகழும் பிரிட்டனும் நெதர்லாந்தும் 1960-கள் வரை அண்டார்டிக் கடலுக்குத் தொழிற்சாலைக் கப்பல்களை அனுப்பிக்கொண்டிருந்தன. அவர்கள் நிறுத்தியதற்குக் கருணையைவிடப் பிடிப்பதற்குத் திமிங்கிலம் மிஞ்சாததே பெரிய காரணம். போரில் தோற்று உணவுக்குத் தவித்த ஜப்பானுக்கு 1946-இல் அண்டார்டிக் வேட்டைக்கு மறுபடி அனுமதி கொடுத்தவர் அமெரிக்கத் தளபதி மக்ஆர்தர். பள்ளி மதிய உணவில் அந்த இறைச்சியைத் தின்று வளர்ந்த ஒரு தலைமுறையிடம் போய் மூளை இருக்கிறதா என்று கேட்கிறீர்கள்.

ஆராய்ச்சி என்று பெயர் சூட்டி ஜப்பான் பல ஆண்டுகள் நடத்திய அண்டார்டிக் வேட்டையைச் சர்வதேச நீதிமன்றம் 2014-இல் ஏற்க மறுத்ததை நான் மறக்கவில்லை. 2019-இல் சர்வதேசத் திமிங்கில ஆணையத்திலிருந்து விலகி, தன் கடற்பரப்பில் வெளிப்படையாக வணிக வேட்டையைத் தொடங்கியது, என்னைக் கேட்டால், அந்தப் பாசாங்கைவிட எவ்வளவோ மேல்.

மூளைதான் அளவுகோல் என்றால் அதையாவது சீராகப் பிடித்திருக்கலாம். பன்றிகள் மூக்கால் ஜாய்ஸ்டிக்கை அசைத்துத் திரையிலுள்ள புள்ளியை நகர்த்தக் கற்றுக்கொண்டதை அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட விலங்கைச் சினைக்காலம் முழுவதும் உடம்பைத் திருப்பக்கூட இடமில்லாத கம்பிக் கூண்டில் அடைத்து வைக்கும் பண்ணைகள் இன்றும் பல நாடுகளில் இருக்கின்றன. தலையங்கம் வந்த அதே இதழின் சமையல் பகுதியில் பன்றி விலாவை எப்படிப் பதமாக வேகவைப்பது என்று வண்ணப் படங்களோடு விளக்கியிருக்கிறீர்கள். ஒருவேளை இரண்டு பக்கங்களையும் ஒருவரே படிக்க மாட்டார் என்று நினைத்துவிட்டீர்களோ?

ஒரு விலங்கை உண்ணலாமா என்று கேட்பவர் அது எப்படி வாழ்ந்தது, எப்படிச் செத்தது, அதன் இனத்தில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டிருந்தால் வேட்டைக்கு எதிரான வலுவான சான்றே தங்கள் கைக்கு வந்திருக்கும். ஐஸ்லாந்தில் 2022-இல் ஃபின் திமிங்கில வேட்டையைக் கண்காணித்த அந்நாட்டு உணவு, கால்நடைத் துறை, வெடிமுனை ஈட்டி பாய்ந்தவற்றில் பத்துக்கு நான்கு உடனே சாகவில்லை என்றும், அவற்றின் சாவுக்கு ஆன நேரத்தின் இடைநிலை அளவு பதினொன்றரை நிமிடம் என்றும் பதிவு செய்தது. ஒரு திமிங்கிலம் இரண்டு மணி நேரம் துடித்தது. அந்த அறிக்கையால்தான் அடுத்த கோடையில் அரசு வேட்டையைச் சில மாதங்கள் நிறுத்தி வைத்தது. இதைப் பற்றித் தலையங்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

இது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. சில ஆண்டுகளுக்கு முன் அலாஸ்காவின் இன்யூபியாக் பழங்குடி மக்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, அவர்கள் போஹெட் திமிங்கிலத்தை அழித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னது. 1977-இல் ஆணையம் அவர்களுடைய வேட்டையைத் தடை செய்ய முடிவெடுத்தபோது, மிஞ்சியிருப்பவை சில நூறோ ஆயிரமோதான் என்று அறிவியலாளர்கள் கணக்குச் சொன்னார்கள். வேட்டைக்காரர்களோ, திமிங்கிலங்கள் பனிப்பாளத்துக்கு அடியில் நீந்துகின்றன, தலையால் பனியை முட்டி உடைத்து மூச்சு விடுகின்றன, கரையிலிருந்து எண்ணினால் எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். பிறகு நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது அவர்கள் சொன்னதே சரியென்று தெரிந்தது. இன்று அந்தக் கடலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட போஹெட் திமிங்கிலங்கள் உள்ளன. இவ்வளவையும் விளக்கி அப்போதே தங்களுக்கு எழுதினேன். அச்சில் வந்தவை இரண்டு வரிகள். அவையும் நான் கட்டுரையைப் பாராட்டியதுபோல வந்தன.

நான் சரக்குக் கப்பல்களில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு முறை அட்லாண்டிக்கைக் கடந்து துறைமுகத்தை நெருங்கிய இரவில், எஞ்சினின் சுழற்சி குறையாமலே கப்பலின் வேகம் முக்கால் நாட், அதாவது மணிக்கு முக்கால் கடல்மைல், குறைந்தது. எரிபொருளைப் பார்த்தோம், டர்போசார்ஜரைப் பார்த்தோம், ஒரு குறையும் தென்படவில்லை. எதிர்நீரோட்டமாக இருக்கும் என்று கப்பலைச் செலுத்தும் பிரிட்ஜில் இருந்தவர்கள் சொன்னார்கள். விடிந்து இழுவைப் படகு அருகில் வந்த பிறகு, அதில் இருந்தவர்தான் வானொலியில் எங்களுக்குச் செய்தி சொன்னார்: முகப்பில் நீர்மட்டத்தை ஒட்டித் துருத்தியிருக்கும் குமிழின் குறுக்கே ஒரு திமிங்கிலம் மடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. நான் மேல்தளத்துக்குப் போய் எட்டிப் பார்த்தேன். கழுத்திலிருந்து வயிறுவரை ஓடும் வரிப்பள்ளங்கள் ஒரு பக்கம் தெரிந்தன. கப்பலின் சிவப்புச் சாயம் அதன் தோலில் கோடு கோடாக ஒட்டியிருந்தது. எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டியதும் உடல் நழுவி விழுந்தது. லாக் புத்தகத்தில் ஒரு வரி எழுதினார்கள். நிறுவனத்திலிருந்து வந்த ஒரே கேள்வி, துறைமுகத்துக்கு ஏன் தாமதமாக வந்தீர்கள் என்பதுதான்.

அந்தத் திமிங்கிலத்தை யாரும் தின்னவில்லை. ஆகவே அது தங்கள் தலையங்கத்தின் கணக்கில் சேராது. வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்கள் இன்று நானூறுக்கும் குறைவு. அவற்றைக் கொல்பவை ஈட்டிகளல்ல, கப்பல்களும் சிங்கி இறால், நண்டுக் கூண்டுகளின் கயிறுகளுமே. அமெரிக்கக் கிழக்குக் கடற்பகுதிகள் சிலவற்றில் குறிப்பிட்ட பருவங்களில் பெரிய கலங்கள் 10 நாட் வேகத்துக்கு மேல் ஓடக்கூடாது என்று 2008 முதல் விதி இருப்பதும் இதனால்தான். உலகம் முழுவதும் மீன்வலைகளில் சிக்கி ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் திமிங்கிலங்களும் டால்பின்களும் மூச்சுமுட்டிச் சாவதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். இன்றைய வணிக வேட்டை முழுவதையும் சேர்த்தாலும் இதன் பக்கத்தில் நிற்காது. மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் வாழும் வக்கீட்டா என்ற சிறு கடற்பன்றியை யாரும் உணவுக்காகத் தேடிப் போகவில்லை. வேறு மீனுக்குப் போட்ட செவுள்வலைகளில் மாட்டியே அது பத்துக்குச் சற்று முன்பின்னாகக் குறைந்துவிட்டது. மீன் தின்னும் நாமெல்லாம் மூளையுள்ளவர்கள், நார்வேயில் மின்கி திமிங்கிலத்தின் இறைச்சியை வாங்குபவர் காட்டுமிராண்டி என்று தீர்ப்பெழுத, கடலைக் கரையிலிருந்து மட்டும் பார்த்தவரால்தான் முடியும்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், என் கோரிக்கை மிகவும் சிறியது. தலையங்கத்தோடு அச்சிட்ட, சிவந்த நீரில் மக்கள் இறங்கி நிற்கும் புகைப்படத்துக்குக் கீழே "ஜப்பான்" என்று போட்டிருக்கிறீர்கள். அது வட அட்லாண்டிக்கில் டென்மார்க்குக்கு உட்பட்ட ஃபாரோ தீவுகளில் எடுத்த படம். பின்னாலிருக்கும் புல்கூரை வீடுகளும், கரையில் கிடப்பவை பைலட் திமிங்கிலங்கள் என்பதும் சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிகின்றன. 2021 செப்டம்பரில் ஒரே நாளில் 1,400-க்கும் மேற்பட்ட டால்பின்களைக் கொன்றதும் அந்தத் தீவுகளில்தான். அந்தப் பழியையும் ஜப்பானியர் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. அடுத்த இதழில் படக்குறிப்புக்கு ஒரு திருத்தம் வெளியிட்டால் போதும். இக்கடிதத்துக்கும் இடம் தர மனம் வந்து, ஆனால் பக்கம் போதவில்லை என்றால், தொடக்கத்திலுள்ள பத்திகளைத் தங்கள் விருப்பம்போல் வெட்டிக்கொள்ளுங்கள். கப்பல் பற்றிய பத்தியில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்