கொப்பியில் இருக்கும் கடவுச்சொல்

அன்புள்ள அண்ணன்,

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும் நீங்கள் என்னோடு ஒரு சொல்லும் பேசாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த தம்பிமார் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் மிச்சமிருந்த ரோல்ஸை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

பதவிக்கால வரம்பை நம் கூத்துக் காப்பகக் குழுவின் யாப்பில், அதாவது அமைப்பு விதிகளில், சேர்க்க வேண்டும் என்று நான் கொடுத்த பிரேரணை, உங்களைத் தலைவர் கதிரையிலிருந்து எழுப்புவதற்காகவே எழுதப்பட்டது என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதில் பாதி உண்மை. மறுபாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் சூரிச்சிலும் டொரொண்டோவிலும் இருந்துகொண்டு இரவில் கண்விழித்து வசந்தன் கூத்துப் பாடல்களைத் தட்டச்சு செய்து அனுப்புகிறவர்களும் நம் உறுப்பினர்கள்தான். அவர்களால் மட்டக்களப்புக் கல்லடியில் நடக்கும் கூட்டத்துக்கு வர முடியாது. அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் பகிரங்கமாக எழுதுகிறேன்.

முதலில் கொப்பியைப் பற்றிச் சொல்கிறேன். 2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வாரம்தான் நம் இணையக் காப்பகத்தின் முகவரி காலாவதியானது. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் எல்லாம் நீங்கள் திறந்தே பார்க்காத பழைய மின்னஞ்சலில் கிடந்தன. கூத்து ஏடுகள், கண்ணகி அம்மன் குளுத்திச் சடங்குப் பாடல்கள், கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரின் குரல்பதிவுகள் எல்லாமே உலகத்தின் கண்ணிலிருந்து மறைந்துபோயின. உங்கள் தொலைபேசி உயிரோடு இல்லை. ஆரையம்பதியிலிருந்து நாவற்குடா வரை வந்து, உங்கள் ஒழுங்கையில் முழங்கால் தண்ணீரில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். நீங்கள் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பொலித்தீன் பையில் சுற்றிய சீ.ஆர். கொப்பியை எடுத்தீர்கள். பை இருந்தும் ஓரம் நனைந்திருந்தது. கடவுச்சொல் எழுதிய பக்கத்தில் நீல மை பரவி, ஐந்தாவது எழுத்து ஒன்று என்ற இலக்கமா, ஆங்கிலச் சிறிய ‘எல்’ எழுத்தா என்று உங்களுக்கே தெரியவில்லை. இரண்டையும் போட்டுப் பார்த்தோம். மூன்றாவது தடவை பிழைத்ததும் கணக்குப் பூட்டிக்கொண்டது. நான்கு நாட்கள்.

அந்த நான்கு நாட்களில் எனக்கு உங்கள்மேல் கோபம் வரவில்லை அண்ணன். என்மேல்தான் வந்தது. ஆறு வருடங்களாக நான் செயலாளர். அந்தக் கொப்பியை இன்னொருவரும் பார்க்க வேண்டும் என்று ஒரு நாளாவது நான் கேட்டிருக்க வேண்டாமா? தலைவர் மாறுவார் என்று யாரும் நினைக்கவில்லை. அதனால் ஒப்படைப்பது எப்படி என்று யாரும் யோசிக்கவும் இல்லை. இத்தனைக்கும் ஒப்படைப்பு நம் ஊருக்குத் தெரியாத காரியம் அல்ல. எங்கள் கோயிலில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் மாறும்போது சாவிக்கொத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விட முடியாது. அம்மன் நகைகளை ஊர் பார்க்க எடுத்துவைத்து, ஒவ்வொன்றாகப் பழைய பட்டியலோடு ஒப்பிட்டு, ஒரு குண்டுமணி குறைந்தாலும் கேள்வி கேட்ட பிறகுதான் கையெழுத்து. வண்ணக்கன் என்பதற்குப் பழந்தமிழில் நாணயத்தின் தரம் பார்ப்பவன் என்று பொருள். பொருத்தமான பெயர்தான்.

நம் ஆண்டுப் பொதுக்கூட்டம் எப்படி நடக்கிறது? வரவேற்புரை, அறிக்கை, கணக்கறிக்கை. பிறகு நிர்வாக சபைத் தெரிவு. ஒரு நொடி மௌனம். பின்வரிசையிலிருந்து “பழைய நிர்வாகமே தொடரட்டும்” என்று ஒரு குரல். இன்னொருவர் வழிமொழிவார். ஏகமனதாக என்று நான் குறிப்பேட்டில் எழுதுவேன். எழுதி எழுதி எனக்கு அந்தச் சொல் பிடிக்காமல் போய்விட்டது. ஏகமனது அல்ல அது, ஏகக் களைப்பு. எல்லோர் கண்ணும் தேநீர்த் தட்டின்மேல் இருக்கிறது.

வேறு ஆள் இல்லையே என்கிறீர்கள். கணினி உலகில் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் டெபியன் என்று ஒரு தொண்டர் அமைப்பு 1993 முதல் இயங்குகிறது. அதன் தலைவரை உறுப்பினர்கள் ஆண்டுதோறும் வாக்களித்துத் தெரிவுசெய்கிறார்கள். 2019இல் வேட்புமனுக்களுக்கான வாரம் முடிந்தபோது ஒருவர்கூட முன்வந்திருக்கவில்லை. அவர்கள் பழைய தலைவரே இருக்கட்டும் என்று தீர்மானிக்கவில்லை, ஒரு வாரம் நீட்டினார்கள். கதிரை உண்மையாகவே காலியாகப் போகிறது என்று தெரிந்ததும் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். நம்மிடம் கதிரை ஒரு நாளும் காலியாகத் தெரிந்ததில்லை. அக்கரைப்பற்றிலிருந்து வரும் அந்தத் தம்பி ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்வதில் நம் எல்லோரையும்விடக் கெட்டிக்காரர். நீங்கள் இருக்கும்போது அவர் எழுந்து நானும் போட்டியிடுகிறேன் என்று சொல்வாரா? அது மரியாதைக் குறைவாகப் போய்விடும் என்று அவருடைய தாயே தடுத்துவிடுவார். வரம்பு என்று ஒன்று இருந்தால் அவர் உங்களை எதிர்க்க வேண்டியதில்லை, நீங்களும் தோற்க வேண்டியதில்லை.

அதே டெபியன் வாக்குச்சீட்டில் இன்னொரு வரியும் உண்டு: மேற்கூறிய எவரும் வேண்டாம். தனியாக நிற்பவரும் அந்த வரியைத் தோற்கடித்தால்தான் தலைவர். இதை நாம் இந்த வருடமே சேர்க்கலாம். உங்களுக்கு எதிராக அதற்கு எத்தனை வாக்கு விழும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு எதிராகச் சில விழும், அது நிச்சயம்.

உண்மையையும் சொல்லிவிட வேண்டும். டெபியன் தலைவருக்குப் பதவிக்கால வரம்பு கிடையாது. ஆண்டுதோறும் மெய்யான போட்டி நடக்கும் இடத்தில் அது பெரிதாகத் தேவைப்படுவதும் இல்லை. அவர்கள் வரம்பு போட்டது தேர்தலே இல்லாத தங்கள் தொழில்நுட்பக் குழுவுக்கு. அதில் மூன்றரை வருடங்களுக்கு மேல் இருந்தவர்களில் மிக மூத்த இருவர் மட்டும் ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் விலக வேண்டும். எல்லோரும் ஒரே நாளில் எழுந்து போனால் அனுபவமும் கூடவே போய்விடும் என்பது உங்கள் பயம். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆகையால்தான் பிரேரணையில் நிர்வாக சபையின் ஏழு பேரும் ஒன்றாகப் போக வேண்டும் என்று நான் எழுதவில்லை. இரண்டு வருடத் தவணை, தொடர்ந்து இரண்டு தவணைகள், பிறகு ஒரு தவணை ஓய்வு. ஓர் ஆண்டில் மூவர், மறு ஆண்டில் நால்வர்.

இன்றிலிருந்து கணக்கிடலாமே என்று பொருளாளர் சமரசம் பேசினார். நல்ல மனிதர், நல்ல எண்ணம், ஆனால் மோசமான யோசனை. அப்படியானால் நீங்கள் ஏற்கனவே இருந்த பதினொரு வருடங்களோடு இன்னும் நான்கு வருடங்கள். 2010 செப்டெம்பரை நினைத்துப் பாருங்கள். ஜனாதிபதி ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் தெரிவாக முடியாது என்று 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு சொன்னதை 18ஆம் திருத்தம் எடுத்துவிட்டபோது, தேநீர்க்கடையில் கோப்பையைக் கவிழ்க்காத குறையாக ஆத்திரப்பட்டவர் நீங்கள். 2015இல் 19ஆம் திருத்தம் அதைத் திரும்பக் கொண்டுவந்த அன்று எங்களுக்கு வடை வாங்கித் தந்தவரும் நீங்கள்தான். நாட்டுக்குச் சரியென்றது நாற்பது பேர் கொண்ட குழுவுக்குப் பொருந்தாதா? பழைய வருடங்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். சேர்த்தால் உங்களோடு நானும் போகிறேன். எனக்கு முடிந்தது மூன்று தவணைகள். உண்மையில் பாதி என்று முதலில் சொன்னேன் அல்லவா, மறுபாதி இதுதான்.

“அண்ணாவியாருக்கு ஏது பதவிக்காலம்?” என்று கூட்டத்தில் கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பதில் வரவில்லை, வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. அண்ணாவியார் ஆயுள் முழுதும் அண்ணாவியார்தான், உண்மை. ஆனால் கூத்தாடும் களரியைக் கட்டுவது ஊர். காசு வைத்திருப்பது ஊர். அடுத்த முறை வேறு அண்ணாவியாரைக் கூட்டிவர ஊருக்கு உரிமை உண்டு. நீங்கள் மத்தளத்தோடு காசுப்பெட்டியையும் களரியின் சாவியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். மத்தளத்தை யாரும் கேட்கவில்லை. ஏடு வாசிக்க உங்களைவிட்டால் நமக்கு வேறு யார்?

தொடங்கியவர் விலகினால் குழு சிதறிவிடும் என்ற பேச்சும் வந்தது. பைதான் கணினி மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம், ஆயுட்காலத் தலைவர் என்றே பாதி விளையாட்டாக அழைக்கப்பட்டவர். மொழியில் ஒரு சிறு மாற்றத்துக்காக நடந்த சண்டையில் சலித்துப்போய் 2018 ஜூலையில் விலகினார். அவருடைய இடத்துக்கு ஐவர் சபை ஒன்றை உறுப்பினர்கள் தெரிவுசெய்தார்கள். 2019இல் முதல் சபைக்கு அவரும் மற்றவர்களைப் போல வாக்குக் கேட்டு நின்றார், வென்றார். அடுத்த சபைக்கு வேண்டாம் என்று ஒதுங்கினார். மொழி சிதறவில்லை. அந்தச் சபையின் விதிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. நம் ஏழு பேரில் நான்கு பேர் உங்களோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள். திருவிழாவைத் தாய்வழிக் குடிக்கொரு நாளாகப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்த மாவட்டத்தில் இதை நான் விளக்க வேண்டியதில்லை. அம்பாறைப் பக்கத்திலிருந்து சபையில் ஒருவரும் இல்லை என்பதையும் இதோடு வைத்துப் பாருங்கள்.

யார் வாக்களிக்கலாம் என்பதில்தான் நம் யாப்பு மிகவும் ஓட்டை. சந்தா கட்டிய எவரும் என்கிறது. தேர்தலுக்கு முதல் நாள் இருபது பேருக்கு ஒருவரே சந்தா கட்டினால்? விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம் தன் அறங்காவலர் சபைத் தேர்தலை 2021இல் நடத்தியபோது, பங்களிப்பாளர் வாக்களிக்க மொத்தம் 300 தொகுப்புகளும் (பக்கங்களில் செய்யும் திருத்தங்கள்) கடைசி ஆறு மாதங்களுக்குள் 20 தொகுப்புகளும் வேண்டும் என்றது. நமக்கு அவ்வளவு வேண்டாம். வருடத்தில் ஐந்து பாடலாவது தட்டச்சு செய்தவர் அல்லது ஒரு பதிவாவது கொண்டுவந்தவர் என்றால் போதும். அவர்கள் அந்தத் தேர்தலில் விருப்பு வரிசைப்படி வாக்களித்தார்கள். அதுவும் நமக்குப் புதிதல்ல. 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல், முதல் முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ணியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோமே.

வரம்பினால் கெடுதல் வராது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். உங்களுக்குப் பின் வருபவர் உங்களைப்போல் மண்டூர் வரை சொந்தப் பெற்றோலில் போய் ஒரு மூதாட்டியின் வாசலில் மூன்று மணிநேரம் காத்திருப்பாரா? சந்தேகம்தான். சில காலம் வேலை மந்தமாகும். சத்தம் போடத் தெரிந்தவர் ஒருவர் வந்து உட்காரவும் கூடும். அப்படி வந்தால் அவரும் நான்கு வருடத்தில் எழுந்து போயாக வேண்டும் என்பது எனக்கு ஓர் ஆறுதல்.

உங்களைப் போசகராக்குவோம் என்று சிலர் பேசுகிறார்கள். சம்மதிக்காதீர்கள். மாலை போட்டு மூலையில் உட்கார வைப்பார்கள். ஏடு வாசிக்கும் குழுவுக்கு வாருங்கள். அங்கே வரம்பு இல்லை.

வாக்கெடுப்புக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன. எதிர்த்துப் பேசுங்கள், நான் குறிப்பேட்டில் ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன். ஆனால் முடிவு எதுவானாலும் இந்தச் சனிக்கிழமை பின்னேரம் நான் உங்கள் வீட்டுக்கு வருவேன். அக்கரைப்பற்றுத் தம்பியும் வருகிறார். அந்த சீ.ஆர். கொப்பியை எடுத்து வையுங்கள். முழுவதையும் பார்த்து எழுத வேண்டும். மை பரவிய மற்றப் பக்கங்களில் எது இலக்கம், எது எழுத்து என்று சொல்ல உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை.

அன்புடன்,
தங்கை