சுவிட்ச் போட்டால் மேளமா?

ஆசிரியருக்கு வணக்கம். எங்கள் ஊர்க் கோயிலில் மாலைப் பூஜையான சாயரட்சைக்கு இப்போது மின்சார மேளம்தான். சுவிட்சைப் போட்டால் மணியும் முரசும் சேர்ந்து போடும் சத்தத்தில் அம்பாளுக்கே காது வலிக்கும். எனக்குப் பக்தி வந்ததே நாயனத்தால்தான், அதாவது நாகஸ்வரத்தால்தான். ஊதும் முனையில் செருகும் சீவாளியை வாயில் வைத்து ஈரமாக்கி, பதம் பார்த்து, அப்புறம் மெல்ல ஆனந்தபைரவி ராகத்தைப் பிடிப்பார் எங்கள் நாயனக்காரர், குருக்கள்கூடத் தீபத்தைத் தூக்காமல் கொஞ்சம் நிற்பார். ஆந்திராவில் பிறந்த நாகஸ்வர வித்வான் ஷேக் சின்ன மௌலானா, நாச்சியார்கோவில் சகோதரர்களிடம் தஞ்சாவூர் பாணியைக் கற்று ஸ்ரீரங்கத்திலேயே குடியேறி ராமபக்தராக வாழ்ந்தவர், இதை எந்த மிஷின் சொல்லிக்கொடுக்கும்? நரசிங்கம்பேட்டையில் செய்யும் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சரி. வாசிக்கிறவருக்கு? மிஷின் வாங்கித்தரும் உபயதாரர்கள் அந்தப் பணத்தை ஒரு இளைஞருக்குச் சம்பளமாகக் கொடுக்கலாமே, வெள்ளிக்கிழமைக்கு மட்டுமாவது.

- ஒரு வாசகர், கும்பகோணம்